தாத்தா வீட்டுக் கூரையும் ஒரு டியூக்கோட வரிக் கணக்கும்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துல எங்க தாத்தா வீடு இருக்கு. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம், நடுவுல சின்ன முற்றம். தாத்தா போய் 19 வருஷம் ஆச்சு, பட்டா இன்னும் அவர் பேர்லதான். வாரிசு ஏழு பேர். போன மழையில கூரை ஒழுக ஆரம்பிச்சது. மேஸ்திரி சொன்ன எஸ்டிமேட் 4,60,000 ரூபாய். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எல்லாரும் பார்த்துட்டாங்க, ஒருத்தரும் பதில் போடல.

இதே சிக்கல்ல இங்கிலாந்துப் பிரபுக்களே மாட்டினாங்க. 1870கள்ல அமெரிக்கக் கோதுமை மலிவா வந்து இறங்கினதும், அவங்க நிலக் குத்தகை வருமானம் படுத்துடுச்சு. 1894ல எஸ்டேட் டியூட்டி வந்தது, அதாவது செத்தவர் சொத்துக்கு வரி. முதல்ல அதிகபட்சம் 8 சதவீதம்தான். 1919ல 40 ஆச்சு, அப்புறம் 80. வீட்டைப் பராமரிக்க வருமானம் இல்ல, வாரிசு மாறும்போதெல்லாம் வரி வேற. போன நூற்றாண்டுல நூற்றுக்கணக்கான மாளிகைகளை அவங்களே இடிச்சுட்டாங்க.

சாட்ஸ்வொர்த் மாளிகை கதையை ஒரு ஆடிட்டரா என்னால மறக்கவே முடியல. பத்தாவது டெவன்ஷயர் டியூக் வரியைத் தவிர்க்க சொத்தை முன்கூட்டியே மாத்தி வெச்சார். அப்படி மாத்தினவர் அஞ்சு வருஷம் உயிரோட இருந்தா வரி இல்ல. அதுக்குச் சில மாசம் முன்னாடி, 1950ல, இறந்துட்டார்! வரி 80 சதவீதம். ஹார்ட்விக் ஹால்னு இன்னொரு பெரிய மாளிகையையே வரிக்குப் பதிலா கொடுத்தாங்க, கடனை அடைக்கப் பல வருஷம் ஆச்சு. இப்போ சாட்ஸ்வொர்த் ஒரு டிரஸ்ட் கையில, டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

நம்ம ஊர்லயும் 1953ல எஸ்டேட் டியூட்டி வந்தது, அதிகபட்சம் 85 சதவீதம் வரைக்கும் போச்சு. 1985ல எடுத்துட்டாங்க. அதனால இன்னைக்கு நமக்கு வாரிசு வரி கிடையாது. ஆனா வரி இல்லாமலே வீடு சிதையும். செட்டிநாட்டுல பாருங்க: பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வெச்சுக் கட்டின வீட்டுக்கு இப்போ பல பங்காளிகள். சிலது ஹோட்டல் ஆச்சு. சிலது பிரிச்சு எடுக்கப்பட்டு, தூணும் கதவுமா காரைக்குடி பழைய சாமான் கடைகள்ல நிக்குது. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் 1856லேர்ந்து நிக்குதுன்னா, அதுக்கு ரயில்வேன்னு ஒரே ஓனர்.

எங்க வீட்டுக்கு வருவோம். முன்பக்கப் போர்ஷன் வாடகை மாசம் 9,000. உள்ளே இருக்கிற பெரியத்தைதான் வாங்கிக்கிறாங்க (அவங்க மருந்துச் செலவே அதுலதான் ஓடுது). வரிச் சட்டத்துக்கு அது ஏழு பேர் வருமானம். வருஷம் 1,08,000, அதுல சொத்து வரி 6,000 போக 1,02,000. ரிப்பேருக்கு நீங்க எவ்வளவு செலவு பண்ணாலும் கழிவு 30 சதவீதம்தான், அதாவது 30,600. பாக்கி 71,400, ஆளுக்கு 10,200. கடல் உப்புக் காத்துல கிரில்லுக்குப் பெயின்ட், மரவேலை, சுண்ணாம்புன்னு வருஷம் 60,000 போகுதேன்னு கேட்டா, சட்டம் காதுல வாங்காது.

பூச்சுவேலை ரிப்பேர்ல போயிடும். ஆனா கூரையையே புதுசா மாத்தினா, அது பொதுவா மேம்பாட்டுச் செலவு. நாளைக்கு வித்தா மூலதன ஆதாயத்துல கழிச்சுக்கலாம். பில் வேணும், பணம் பேங்க் வழியா போயிருக்கணும். மேஸ்திரி கையில ரொக்கமா கொடுத்தா நிரூபிக்கிறது கஷ்டம். 2001க்கு முந்தின சொத்துன்னா, வழிகாட்டி மதிப்புக்கு மேல போகாம, 1.4.2001 மதிப்பையே அடக்க விலையா வெச்சுக்கலாம். அதுக்கு வேல்யூவர் அறிக்கை ஒண்ணு இப்பவே வாங்கி வைங்க.

ஒருத்தர் மட்டும் வீட்டை எடுத்துக்கிட்டா? மத்தவங்க விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். சொந்தத்துக்குள்ள முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. பணம் வாங்கிட்டு எழுதினா, வாங்கினவருக்கு மூலதன ஆதாய வரி வரும். இதைப் பலர் கடைசி நிமிஷத்துலதான் கேட்குறாங்க.

ஆளுக்கு 65,714 ரூபாய்னு குரூப்ல மறுபடி போட்டேன். பெரியத்தை முதல் ஆளா, தன் பங்குக்குச் சங்கிலியை அடகு வெக்கிறேன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. அரை மணி நேரத்துல மூணு பேர் பணம் போட்டாங்க. சங்கிலி பீரோவுலயே இருக்கு. மீதி ரெண்டு பேருக்கு இந்த ஞாயித்துக்கிழமை நானே போன் பண்ணப் போறேன். வாரிசுச் சான்றிதழுக்கும் அப்போதான் கையெழுத்து வாங்கணும்.