யாவ ஊரிந்து?

மார்கழியில், ஓசூரை ஒட்டி எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக் குளிருக்கு டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் பேச்சே வரும். போன வாரம் நெடுஞ்சாலை ஓரக் கடையில் அப்படி நின்றிருந்தபோது, சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத கோவில்பட்டித் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போயி அந்த ஊருச் சாமானாப் பாத்து வாங்கிட்டுப் போகணும். எதை வாங்கட்டும்?”

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு டீயில் அது முடியவில்லை.

முதலில் பெயரை நம்பக் கூடாது. நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லும் சௌசௌவை பெங்களூரில் அந்தப் பெயரில் கேட்டால் யாருக்கும் விளங்காது. அங்கே அது சீமெ பதனேகாய். சீமையிலிருந்து வந்த கத்திரிக்காய் என்று அவர்களும் அதை வேறு ஊர்க் கணக்கில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். உண்மையில் அது மெக்சிகோ பக்கத்துக் காய். பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாங்காய் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தோப்புத் தோப்பாகக் காய்த்து, இங்கேயே கூழாகி டப்பாவில் ஏறுகிறது. பெங்களூர் தக்காளியும் இதே கதைதான். தோல் தடித்த ஒட்டுரகத்துக்கெல்லாம் நாம் வைத்த பொதுப்பெயர் அது. அந்தப் பெயரில் விற்பது ராயக்கோட்டைத் தக்காளியாகவும் இருக்கலாம்.

தம்பிக்கு இது உடனே பிடிபட்டது. அவர் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ‘கோவில்பட்டி’ என்று அட்டை ஒட்டிய மிட்டாய் அதற்கு முன்பும் பின்பும் எல்லா பஸ் ஸ்டாண்டிலும் விற்கிறது. “எங்க ஊருக்காரன் ஒரு துண்டு வாயில போட்டாலே சொல்லிருவான்ணே” என்றார். பெங்களூரில் அவருக்கு அந்த நாக்கு இல்லை. அதனால் கண்ணும் ஒரு கேள்வியும் வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு இந்த டீக்கடையில் நின்றால் ஒன்று தெரியும். பாகலூர், தளி, கெலமங்கலம் பக்கத்துக் கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ், சாமந்தி, பட்டன் ரோஜா எல்லாம் டெம்போ டெம்போவாக அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடி எடுபட்டதற்கு முன், இந்த இடத்தில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்குத்தான் இன்றைய ஓட்டத்தின் அருமை தெரியும். அந்தச் சரக்குதான் விடிந்ததும் கே.ஆர். மார்க்கெட் தரையில் குவிந்து கிடக்கும். இங்கிருந்து போகிறவர் அதையே இன்னொரு விலை கொடுத்து வாங்கி, அதே சாலையில் திரும்பக் கொண்டுவருவார். ரோஜாவில் இன்னொரு விவரமும் உண்டு. பசுமைக்குடிலில் வளரும் நீளக்காம்பு ரோஜா பெரும்பாலும் இந்த மார்க்கெட் பக்கமே வராது. ஹெப்பாளில் உள்ள மலர் ஏல மையத்துக்கும் விமானத்துக்கும் போய்விடும். மார்க்கெட்டுக்கு வருவது எடை போட்டு விற்கும் உதிரி ரோஜா.

ஆகவே காய்கறி வேண்டுமென்றால் ஓசூர் உழவர் சந்தை போதும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் கலைஞர் தொடங்கிவைத்த திட்டம் அது. விளைவித்தவரே கல்லில் உட்கார்ந்து விற்பார். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள்.

அப்படியானால் பெங்களூருக்கு எதற்குப் போக வேண்டும்? கே.ஆர். மார்க்கெட்டைப் பார்க்கவாவது ஒருமுறை போக வேண்டும் என்பேன். மைசூர் மன்னர் கிருஷ்ணராஜேந்திர உடையார் பெயரில் 1928 முதல் இருக்கும் சந்தை. அதற்கு முன் அங்கே சித்திகட்டே என்று ஒரு குளக்கரை இருந்தது. மாடி நடையில் நின்று கீழே பார்த்தால் மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்திக் குவியல், நடுவில் கனகாம்பரக் கூடை, தலையில் மூட்டையோடு ஓடுபவர்களின் கூச்சல். பூ வியாபாரம் விடியுமுன்பே சூடுபிடித்துவிடும். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை மெட்ரோவில் பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் மார்க்கெட் வாசலிலேயே இறங்கலாம், சௌகரியம்தான். ஆனால் முதல் வண்டி போய்ச் சேரும்போது மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். பூவுக்காகப் போகிறவர் அத்திப்பள்ளியில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடிப்பதே நல்லது.

பூவை அங்கே முழத்திலும் தருவார்கள், மாரிலும் தருவார்கள். மாரு என்பது இரண்டு கையையும் அகல விரித்த நீளம், ஏறக்குறைய நாலு முழம். யாருடைய கை என்பதுதான் கணக்கு. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை சரத்தை இழுத்து அளக்கும்போது, சிலர் சரத்தைத் தொய்வாக விடுவார்கள், சிலர் விறைப்பாகப் பிடிப்பார்கள். அளக்கும் வேகத்தில் நமக்கு எண்ணிக்கை மட்டும்தான் காதில் விழும். உதிரிப் பூவாக எடை போட்டு வாங்கி வீட்டில் தொடுத்துக்கொள்வதுதான் ஆதாயம். வரமகாலட்சுமி நோன்புக்கும் ஆயுதபூஜைக்கும் முந்தின நாள் மட்டும் போகவே வேண்டாம். பூவை இருப்பு வைத்து விற்க முடியாது என்பதால் விலை ஒரே இரவில் ஏறி மறுநாளே சரியும்.

ஒருமுறை அங்கே ஓர் அம்மாளிடம் அரைகுறைக் கன்னடத்தில், “யாவ ஊரிந்து?” என்று கேட்டேன். எந்த ஊர்ச் சரக்கு என்று அர்த்தம். அவர் தமிழிலேயே, “பாகலூருப்பா. உனக்கு எந்த ஊரு?” என்றார். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். விளைந்த ஊர் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். தெரியாதவர், “எல்லாம் நாட்டி சார்” என்பார். நாட்டி என்றால் நாட்டுரகம். அந்த ஒரு சொல்லை மட்டும் பதிலாக ஏற்க வேண்டாம். நாட்டிக் கொத்தமல்லி என்றால் செடி குட்டையாக இருக்கும், இலை சிறுத்திருக்கும், வேரைக் கிள்ளினால் வாசனை தூக்கும்.

அந்த அம்மாள் தமிழ் பேசியதில் ஆச்சரியம் இல்லை. மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தர்மராய சுவாமி கோவில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் கரகம் எடுக்கும் திகளர்களின் கோவில். பூந்தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் கைதேர்ந்த அந்த மக்களின் முன்னோர் தமிழ்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்றுதான் சொல்லப்படுகிறது. எல்லைக்கோடு பிறகு வந்தது.

மார்க்கெட்டைச் சுற்றி இருப்பது பழைய பேட்டை. 1537இல் கெம்பெகௌடர் கட்டிய ஊர். அக்கிப்பேட்டை என்றால் அரிசி, ராகிப்பேட்டை என்றால் கேழ்வரகு, அரளேபேட்டை என்றால் பருத்தி, கும்பாரபேட்டை என்றால் குயவர், பளேபேட்டை என்றால் வளையல். தெருப் பெயரே கடைப் பலகையாக இருந்த காலம். இன்று சரக்கு மாறிவிட்டது, ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு தெரு என்ற வழக்கம் மாறவில்லை. அவென்யூ ரோட்டில் புத்தகம், சிக்கப்பேட்டையில் துணி, சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை. ஒரே பொருளை வரிசையாகப் பத்துக் கடையில் பார்த்துவிட்டு வாங்கலாம். பட்டு வாங்குவதானால் பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடைபாதையில் ‘மைசூர் சில்க்’ என்று கூவினால் நின்று கேட்கவே வேண்டாம்.

தை மாதத்துக்குப் போகிறவர் தேட வேண்டியது அவரைக்காய். நாம் மொச்சை வகையில் சேர்க்கும் அதே காய். மாகடி, கோலார் பக்கத்திலிருந்து மலை மலையாக வந்து இறங்கும். அதன் தோலில் எண்ணெய்ப் பசை இருக்கும், அந்த வாசனைக்குச் சொகடு என்று பெயர். ஒரு காயைக் கையில் உருட்டிவிட்டு விரலை முகர்ந்தால் போதும். விரலில் பிசுபிசுப்பும் மூக்கில் காட்டு வாசனையும் வந்தால் அது அன்றைய காய். வாசனை வராமல் தோல் வழவழவென்றிருந்தால் வேறு ரகம், அல்லது பறித்து நாளாகிவிட்டது. பனி நன்றாக இறங்கிய வருஷம்தான் சொகடு தூக்கும் என்று விவசாயிகள் சொல்வார்கள். காயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பருப்பு முட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஊசிமுனை அளவுகூடத் துளை இருக்கக் கூடாது. வீட்டில் உரித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நம் பக்கத்தில் அதற்குப் பிதுக்கம்பருப்பு என்று பெயர், அங்கே ஹிதுகித பேளே. ராகிக் களிக்கு அந்தக் குழம்பை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ராகிக் காட்டில் ஊடுபயிராகவே அவரை விதைப்பார்கள். தட்டிலும் இரண்டும் சேர்வதுதான் முறை.

கோவில்பட்டி வரைக்கும் கொண்டுபோக வேண்டுமென்றால் உரித்து எடுத்துப்போகக் கூடாது, காயாகத்தான் எடுத்துப்போக வேண்டும். அதுவும் துணிப்பையில். பிளாஸ்டிக் பைக்குக் கர்நாடகத்தில் 2016இலும் தமிழ்நாட்டில் 2019இலும் தடை வந்துவிட்டது. தடையே இல்லாவிட்டாலும் அதில் போட்டால் மறுநாள் காலை காய் வேர்த்து நாறிவிடும்.

அதே சமயத்தில் கிடைக்கும் இன்னொன்று சக்கரெ அச்சு. தென்கோடியில் இருப்பவர் பார்த்திருக்க மாட்டார். சங்கராந்திக்குக் கன்னடக்காரர் வீடுகளில் எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதே பேசுங்கள் என்பது வாழ்த்து. கூடவே ஒரு சர்க்கரைப் பொம்மை. சர்க்கரையைப் பாலூற்றி அழுக்கெடுத்து, பாகு காய்ச்சி மர அச்சில் ஊற்றி, ஆறியதும் அச்சைப் பிரித்தால் கிளி, யானை, கோபுரம் என்று வெள்ளை வெளேரென்று வரும். காந்தி பஜாரிலும் மார்க்கெட் வாசலிலும் ஜனவரி முதல் இரண்டு வாரம்தான் கிடைக்கும். நூறு சதவீதம் அந்த ஊர்ச் சாமான், விலையும் சொற்பம். பெட்டியில் ராகிமாவோ உமியோ நிரப்பி நடுவில் வைத்தால் உடையாமல் போய்ச் சேரும்.

வீட்டில் குழந்தை இருந்தால் சென்னபட்டணப் பொம்மை வாங்கலாம். மைசூர் சாலையில் பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அது. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தூரிகையே கிடையாது. செய்யும் விதம் தெரிந்தால் சோதிக்கவும் தெரிந்துவிடும். கடைசலில் வந்த உருப்படி உருண்டையாக இருக்கும். கிலுகிலுப்பை, பம்பரம், செப்புச் சாமான் எல்லாம் அப்படித்தான். சதுரப் பலகையில் சாயம் பூசி, ‘சென்னபட்டணம்’ என்றால் சந்தேகப்பட வேண்டும். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால், பெயிண்ட் செதிலாக உரியும், அரக்கு உரியாது. தெருக்கடையில் மனசு ஒப்பவில்லையென்றால் எம்.ஜி. ரோட்டில் கர்நாடக அரசின் காவேரி எம்போரியத்தில் வாங்கலாம். விலை கூடுதல், பொருள் உறுதி.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. எடைக்கல்லின் அடியில் ஈயத்தில் பதித்த முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். பேரத்தைப் பற்றித் தம்பி கேட்டார். மாடிக்கட்டடக் கடையில் தாராளமாகப் பேரம் பேசலாம். தரையில் சாக்கு விரித்து இரண்டு கட்டுக் கீரையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுவது எனக்குச் சம்மதமில்லை. தெரு வியாபாரிகளைக் காக்க 2014இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு, எந்த நேரத்தில் எழுந்து ஓடச் சொல்வார்களோ என்ற பயம் போகவில்லை. அவர் சொல்லும் விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

ஞாயிறு மதியம் தம்பி திரும்பி வந்து, பையை டீக்கடை பெஞ்சில் வைத்துப் பிரித்தார். அவரைக்காய் நாலு கிலோ, மாகடிச் சரக்காம். தங்கச்சி மகளுக்கு ஒரு சென்னபட்டணக் கிலுகிலுப்பை. சர்க்கரைக் கிளி எட்டு வாங்கியதில் ஒன்று பஸ் நெரிசலில் கழுத்தோடு உடைந்திருந்தது. டீக்கு முன்னால் தலையை அவரும் உடம்பை நானும் எடுத்துக்கொண்டோம். விரலில் அவரைக்காய் வாசனை இன்னும் போகவில்லை என்று முகர்ந்து முகர்ந்து காட்டிக்கொண்டிருந்தார்.