பூவந்திக் கொட்டையின் நுரை

சகோதரிகளே! நகை கழுவவும் பட்டுச் சேலை அலசவும் உம்மம்மாமார் பூவந்திக் கொட்டையை ஊறவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரைக்குக் காரணம் சபோனின். அதன் ஒரு முனை நீரோடும் மறுமுனை கொழுப்போடும் சேரும். அழுக்கு கழல்வது இதனால்தான். ஆனால் நமது உயிரணுக்களின் சவ்விலும் கொலஸ்ட்ரோல் என்ற கொழுப்பு உண்டல்லவா? சபோனின் அதைப் பற்றிக்கொண்டு சவ்வையே துளைத்துவிடும். இரத்தத்தில் நேரே கலந்தால் செவ்வணுக்கள் உடையும். வாயால் உட்கொண்டால் குடல் சிறிதளவையே உறிஞ்சும். ஆயினும் வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். "மூலிகைதானே" என்று பிள்ளைகளுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அல்லாஹ்வின் படைப்பில் வீணானது எது? சிலி நாட்டுக் கில்லாயா மரப்பட்டையின் சபோனின் ஒன்று, 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில் உள்ளது. ஓர் ஊசிக்கு 50 மைக்ரோகிராம்தான். கூடவே கொலஸ்ட்ரோலையும் சேர்த்திருக்கிறார்கள். சபோனின் அதைப் பற்றிக்கொள்ள, நம் உயிரணுக்கள் தப்பிவிடுகின்றன.