ஈட்டி மழையில் ஒரு பயிற்சி... சித்திரக் குள்ளர்களின் ‘டேஞ்சர் ரூம்’!

தரையிலிருந்து சரேலென்று ஈட்டிகள் மேலே பாய்கின்றன. அடுத்த நொடியே உள்ளே இறங்கிவிடுகின்றன. மறுபடியும் பாய்கின்றன. நடுவே, தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் மாட்டிய ஒரு சித்திரக் குள்ளர். சில குத்துகளைக் கேடயத்தால் தடுக்கிறார், சிலவற்றுக்கு விலகுகிறார், மீதியை வாங்கிக்கொள்கிறார். பார்த்தால் சித்திரவதை மாதிரி இருக்கும். ஆனால், இது ராணுவப் பயிற்சி!

‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற கம்ப்யூட்டர் கேமில்தான் இந்தக் காட்சி. அமெரிக்காவைச் சேர்ந்த டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-ல் வெளியிட்ட கேம் இது. 2012-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகச் சேகரித்த 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று.

மலையைக் குடைந்து கோட்டை கட்ட வேண்டும். குள்ளர்களுக்குச் சோறும் மதுவும் குறையக் கூடாது. இதற்கிடையே காப்ளின் கூட்டம் படையெடுத்து வரும். நேற்றுவரை விவசாயம் பார்த்தவர் இன்று வாளோடு வாசலில் நிற்க வேண்டும். வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகத் தனிக் கூடம் உண்டு. ஆனால், அதில் தேற நாளாகும். எதிரி அதுவரை காத்திருப்பானா?

அப்படிப் பிறந்த குறுக்குவழிதான், பழைய வெர்ஷன்களில் பேர்போன ‘டேஞ்சர் ரூம்’.

எப்படிக் கட்டுவது?

முதலில் ஒரு சின்ன அறை. தரைக் கட்டங்களில் ஈட்டிப் பொறிகள். ஒரு கட்டத்தில் பத்து ஈட்டிகள் வரை நடலாம். அத்தனையும் தச்சுப்பட்டறையில் செய்த மரத்தாலான பயிற்சி ஈட்டிகளாக இருக்க வேண்டும். உலோக ஈட்டி என்றால் பயிற்சிக்கூடம் கொலைக்களமாகிவிடும்.

அடுத்து, பொறிகளை ஒரு நெம்புகோலோடு இணைக்க வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப இழுக்க ஒருவரை நியமித்தால் வேலை முடிந்தது. இழுக்கும்போதெல்லாம் ஈட்டிகள் எழும், இறங்கும். ஒவ்வொரு குத்தும் ஒரு பாடம். தடுப்பது, விலகுவது, கனமான கவசத்தோடு இயங்குவது என எல்லாத் திறமையும் மளமளவென ஏறும்.

கவனம்... குழந்தை!

ஆபத்தும் இங்கேதான். தலைக்கவசம் மாட்டாமல் வந்தவருக்கு மர ஈட்டியும் எமன்தான். வழி தவறி வரும் பூனைக்கும் அதே கதி. எல்லாவற்றையும்விடக் கொடுமை, கைக்குழந்தையோடு வரும் தாய். இந்த கேமில் பெண் வீரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டேதான் வேலைக்கு வருவார்கள். அம்மாவுக்குக் கவசம் இருக்கிறது. குழந்தைக்கு?

அந்தச் சாவு அதோடு முடியாது. இங்கே குள்ளர்களுக்கு மனசும் உண்டு. துக்கத்தில் ஒருவர் வெறிபிடித்துச் சண்டையிழுப்பார், அதில் இன்னொருவர் சாவார், அவருடைய நண்பர் உடைந்துபோவார். எதிரி வராமலேயே கோட்டை சரிந்துவிடும்.

அதனால், அனுபவசாலிகள் அறைக்குக் கதவு வைத்துப் பூட்டுவார்கள். ஒவ்வொருவரின் கவசத்தையும் சரிபார்ப்பார்கள். குழந்தை வைத்திருப்பவரைப் படையிலேயே சேர்க்க மாட்டார்கள். சிலர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கூண்டுப் பொறியில் சிக்கிய காப்ளினின் ஆயுதங்களைப் பிடுங்கிவிட்டு, வீரர்கள் முன்னால் அவிழ்த்துவிடுவார்கள். நிஜ எதிரியோடு நிஜச் சண்டை!

2022 டிசம்பரில் படங்களோடு கூடிய பதிப்பு ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. வெறும் எழுத்துகளும் குறிகளுமாக ஓடும் பழைய பதிப்பு இன்றும் இலவசம்தான்.

‘தோற்பதும் ஜாலிதான்’ என்பது இந்த கேமின் தாரக மந்திரம். கோட்டை எத்தனை முறை விழுந்தாலும் புதிதாகத் தோண்டலாம். அடுத்த முறை நெம்புகோலைத் தொடுவதற்கு முன், அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.