விலை மட்டும் பொருந்தினால் போதுமா?

கல்லூரிச் சேர்க்கை நெருங்கும் மாதங்களில் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு கோரிக்கை தவறாமல் எழுகிறது. படிப்புக்கும் பயன்பட வேண்டும், விளையாட்டுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். அப்படியொரு கணினி வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். கணினி வன்பொருள்களைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்பதால் என்னிடம் ஆலோசனை கேட்கும் பெற்றோர் பலரும் முதலில் எழுப்பும் கேள்வி, "ஐ7 வாங்கலாமா, ஐ5 போதுமா?" என்பதுதான். தொடங்க வேண்டிய இடம் அதுவன்று என்பது என் கருத்து.

விளையாட்டுக் கணினியின் வேகத்தை முதன்மையாகத் தீர்மானிப்பவை இரண்டு: பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் ஒவ்வொரு படமும் தோன்றுவதற்கு முன்னால், யார் எங்கே நிற்கிறார், எறிந்த பொருள் எங்கே விழும், எதிரி எந்தப் பக்கம் நகர்வான் என்பவற்றைக் கணக்கிட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பிராசசர் சொல்கிறது. அதற்கு உருவமும் வண்ணமும் நிழலும் தருவது கார்டு. ஒருவர் புள்ளி வைக்க, மற்றொருவர் இழை இழுத்து வண்ணம் நிரப்பும் கோலம் போன்றது இது. புள்ளி வைப்பவர் தாமதித்தால், இழை இழுப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் காத்திருக்கத்தான் வேண்டும்.

நொடிக்கு 60 படங்கள் வர வேண்டுமெனில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. 144 படங்கள் வேண்டுமெனில் அது 7 மில்லி நொடிக்கும் குறைவு. இரண்டு உறுப்புகளில் எது கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறதோ, அதன் வேகமே கணினியின் வேகமாகிவிடுகிறது.

அந்த மெதுவான உறுப்பு எது என்பது விளையாட்டையும் திரையையும் பொறுத்து மாறும். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். பிக்சல்கள் பெருகப் பெருகக் கார்டின் சுமை கூடுகிறது. பிராசசரின் சுமையோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. முற்றம் பெரிதானாலும் புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான். இழையின் நீளம்தான் கூடுகிறது. எனவே, பெரிய திரையில் 'சைபர்பங்க் 2077' போன்ற காட்சி வளம் மிகுந்த விளையாட்டை நொடிக்கு 60 படங்களில் ஆடுபவருக்குச் சிக்கனமான பிராசசரே போதுமானதாக இருக்கலாம். 'வாலரன்ட்', 'கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2' போன்ற போட்டி விளையாட்டுகளை 144 படங்களுக்கும் மேலான வேகத்தில் ஆட விரும்புபவருக்கு அதே பிராசசர் தடையாகலாம். ஒரு பிராசசரையும் ஒரு கார்டையும் குறிப்பிட்டால் 'இத்தனை விழுக்காடு பொருத்தமின்மை' என்று ஒற்றை எண்ணைத் தரும் இணையதளக் கணிப்பான்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பெயர்ப்பலகை தரும் மயக்கம் மற்றொன்று. 2012-இல் வெளிவந்த ஐ7-3770 பிராசசருக்கு 4 கோர்கள். 2022-இல் வெளிவந்த ஐ3-12100எஃப் பிராசசருக்கும் 4 கோர்கள். ஆனால், விளையாட்டில் பின்னதே வெகுவாக முந்துகிறது. ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையின் அளவு அந்தப் பத்தாண்டுகளில் அவ்வளவு வளர்ந்திருக்கிறது. ஆயினும், பழைய ஐ7 பிராசசருடன் 2014-ஆம் ஆண்டின் ஜிடி 730 கார்டைச் சேர்த்து 'கேமிங் பிசி' என்ற பெயரில் விற்பதை இன்றும் காண்கிறோம். இன்றைய பெரிய விளையாட்டுகளுக்கு அந்தக் கார்டு ஈடுகொடுக்காது.

சரி, இரண்டையும் புதிதாக, ஒத்த விலைப் பிரிவில் வாங்கினால் பொருந்திவிடுமா? அதுவும் உறுதியில்லை. 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, மதர்போர்டுடன் நான்கு பிசிஐஇ தடங்களில் மட்டுமே பேசுகிறது. அதன் நினைவகமும் 4 ஜிபிதான். நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள கணினியில் அது சமாளிக்கிறது. மூன்றாம் தலைமுறை மட்டுமே உள்ள ஐ3-10100எஃப், ரைசன் 5 5500 போன்றவற்றுடன் சேர்த்தால் பல விளையாட்டுகளில் வேகம் இழக்கிறது. மலிவான கார்டைத் தேடுபவர் அத்தகைய பிராசசரைத்தானே வைத்திருப்பார்!

இன்டெல் 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில் வெளியிட்ட ஆர்க் பி580 கார்டும் இத்தகையதே. 12 ஜிபி நினைவகத்துடன் வந்த அதற்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. அடுத்த மாதமே வெளியான சோதனைகள் வேறொன்றைக் காட்டின. அதன் டிரைவர் மென்பொருள் பிராசசரிடம் கூடுதல் வேலை வாங்கியதால், ரைசன் 5 5600 போன்ற சிக்கனமான பிராசசர்களுடன் இணைத்தபோது சில விளையாட்டுகளில் வேகம் சரிந்தது. சிக்கனமாக வாங்குவோருக்கான கார்டு, விலையுயர்ந்த பிராசசரை எதிர்பார்த்தது.

ஆகவே, வாங்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பதை முடிவு செய்ய வேண்டும். அடுத்து அதற்கேற்ற கார்டு. பிறகு அந்தக் கார்டுக்கு வேலை கொடுக்கக்கூடிய, அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த பிராசசர். மிச்சப்படுத்த எண்ணித் தரமற்ற எஸ்எம்பிஎஸ் வாங்குவது மற்ற உறுப்புகளையும் ஆபத்தில் தள்ளும். கார்டுக்கு இப்போது பணமில்லையெனில், ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராஃபிக்ஸ் வசதி கொண்ட பிராசசருடன் தொடங்கிப் பின்னர் கார்டு சேர்க்கலாம். அதுவும் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இன்டெல் பிராசசர் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் அந்த உள்வசதி கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தோன்றாது.

ஏற்கெனவே கணினி வைத்திருப்போர் ஒரு சோதனையைச் செலவின்றிச் செய்யலாம். விளையாட்டின் அமைப்புகளில் தெளிவுத்திறனைக் குறைத்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை கூடினால் தடை கார்டில்; கூடாவிட்டால் பெரும்பாலும் பிராசசரில். மாற்ற வேண்டியது எது என்பது தெரியாமல் செலவழிப்பதைவிட இந்த ஐந்து நிமிடம் மேலானது.

ஒரு கணினி என்பது பல குடும்பங்களுக்குப் பல மாதச் சேமிப்பு. 'ஐ7, 16 ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டு' என்று மட்டும் எழுதப்பட்ட விலைச்சீட்டை ஏற்க வேண்டியதில்லை. பிராசசர், கார்டு, மதர்போர்டு ஆகியவற்றின் முழு மாடல் எண்ணையும் எழுதித் தருமாறு கேட்போம். அவை ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்குமா என்று பார்த்த பிறகே பணம் கொடுப்போம்.