சராசரித் தமனி அழுத்தம்

சராசரித் தமனி அழுத்தம் என்பது ஓர் இதயத்துடிப்பின் முழு நேரத்திலும் தமனிகளில் நிலவும் குருதி அழுத்தத்தின் சராசரி ஆகும். இது மில்லிமீட்டர் பாதரசம் (மிமீ பாதரசம்) என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்குக் குருதி போதிய அளவு செல்கின்றதா என மதிப்பிட இது உதவுகின்றது.

கணிக்கும் முறை

இதயம் சுருங்கும்போது அழுத்தம் உச்சத்தை அடைகின்றது, விரியும்போது தாழ்கின்றது. ஓய்வில் இருப்பவரின் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் சுருங்கியும் எஞ்சிய நேரம் விரிந்தும் இருக்கும். ஆதலால் இரு அளவுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தல் பொருந்தாது. வழக்கில் உள்ள வாய்பாடு:

சராசரி அழுத்தம் = விரிவழுத்தம் + (சுருக்கழுத்தம் − விரிவழுத்தம்) ÷ 3

எடுத்துக்காட்டாக, 120/80 எனில், 80 + (40 ÷ 3) = ஏறத்தாழ 93 மிமீ பாதரசம். இதயம் மிக விரைவாகத் துடிக்கும்போது விரிவு நேரம் குறுகுவதால், இவ்வாய்பாடு உண்மை மதிப்பினின்று விலகும்.

160/60 உடையவருக்கும் இதே 93 கிடைக்கும். ஆனால் அவரது சுருக்கழுத்தம் மிகை. எனவே சராசரியை மட்டும் கொண்டு ஒருவர் நலமாக உள்ளார் எனக் கொள்ளலாகாது.

மருத்துவப் பயன்பாடு

கடும் நோய்த்தொற்றால் அதிர்ச்சி நிலையை அடைந்தவர்களுக்கு, சராசரி அழுத்தத்தைக் குறைந்தது 65 மிமீ பாதரசமாகப் பேணுவது சிகிச்சையின் தொடக்க இலக்காகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தமனிக்குள் நுண்குழாய் செருகி இது இடைவிடாது அளக்கப்படுகின்றது.

தானியங்கிக் கருவிகள்

கைப்பட்டையின் காற்று இறங்கும்போது, அதில் தோன்றும் அதிர்வுகள் சராசரி அழுத்தத்தை ஒட்டிப் பெருமத்தை அடைகின்றன. கருவி அதனைக் கண்டறிந்து, பிற இரு அளவுகளையும் கணிப்பு நெறிகளால் மதிப்பிடுகின்றது.

மலைப்பகுதியில் அளத்தல்

சவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 60 மிமீ பாதரசம் குறைவு. எனினும் குருதி அழுத்தம் என்பது வளிமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவே ஆதலால், இதற்கெனத் திருத்தம் தேவையில்லை.

மாறாக, கையின் உயரம் முக்கியமானது. கைப்பட்டை இதய மட்டத்திற்கு 10 செமீ கீழே இருந்தால், அளவு ஏறத்தாழ 8 மிமீ பாதரசம் கூடுதலாகக் காட்டும். மேலே இருந்தால் அதே அளவு குறையும். தமிழ்நாட்டில் 2021 ஆகத்து மாதம் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்ற, வீட்டிற்கே வந்து அளக்கும் திட்டங்களில், கையை மேசை மீதோ தலையணை மீதோ இதய மட்டத்தில் தாங்கி வைத்தல் வேண்டும்.