கேமரா வருவதற்கு முன்

ஊரில் இருக்கும் சேவலை ஒரு கிழவி தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். சேவல் கூவவில்லை, அதனால் அந்த ஊருக்குப் பொழுதே விடியவில்லை. கர்நாடகத்து நாட்டுப்புறக் கதை ஒன்றிலிருந்து வந்த கரு இது. புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த நாயக் இதை 16 நிமிடக் கன்னடக் குறும்படமாக எடுத்தார். 'சன்ஃபிளவர்ஸ் வேர் தி ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ' என்று பெயர். 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில், திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கான 'லா சினெஃப்' பிரிவில் முதல் பரிசான 15,000 யூரோ அதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு 555 பள்ளிகளிலிருந்து வந்த படங்கள் 2,263. போட்டிக்குத் தேர்வானவை 18 மட்டும்.

பரிசு பெரியது. ஆனால் குறும்படம் எடுக்க ஆசைப்படும் ஒரு மாணவர் கவனிக்க வேண்டியது, அந்தப் படம் எந்தச் சூழ்நிலையில் உருவானது என்பதைத்தான். சிதானந்த் மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். புனேயில் தொலைக்காட்சிப் பிரிவில் அவர் படித்தது ஓராண்டுப் படிப்பு. ஆண்டு முடிவில் டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி என நான்கு துறைகளிலிருந்து தலா ஒருவர் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிதான் இந்தப் படம். படப்பிடிப்புக்கு இருந்தது நான்கே நாள்.

நான்கு நாளில் முடிக்க வேண்டிய குழு, சூரியனே வராத கதையை எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். பகலில் எடுத்தால் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் தொடங்கிய காட்சியை மதியம் தொடர்ந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். மேகம் வந்தால் அது கலையும் வரை காத்திருக்க வேண்டும். இரவில் அந்தத் தொல்லை கிடையாது. எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் என்பதை ஒளிப்பதிவாளர் முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம். கதையும் கையில் இருந்த நேரமும் அங்கே ஒன்றுக்கொன்று துணை நின்றன. நல்ல மாணவர் படங்கள் பலவற்றில் இந்தப் பொருத்தத்தைப் பார்க்கலாம். அது கேமரா பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம்.

தமிழ்நாட்டில் இன்று குறும்படம் எடுக்காத விஸ்காம் மாணவரைப் பார்ப்பது அரிது. இன்ஜினீயரிங் மாணவர்களும் எடுக்கிறார்கள். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகு, புகைப்படக் கேமராவிலேயே சினிமா போன்ற வீடியோ எடுக்கலாம் என்றானது. வெளியிட யூடியூப் இருந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படங்களை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. அதிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா' எடுத்தார், நலன் குமரசாமி 2013இல் 'சூது கவ்வும்' எடுத்தார். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி', அல்ஃபோன்ஸ் புத்திரனின் 'நேரம்' இரண்டும் குறும்படமாக இருந்து அதே பெயரில் முழுநீளப் படமானவை. பிரதீப் ரங்கநாதனின் 'அப்பா லாக்' 2022இல் 'லவ் டுடே' ஆனது.

இந்த வெற்றிகள் ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. குறும்படத்தை முழுநீளப் படத்துக்கான விசிட்டிங் கார்டாகவே நினைத்து, இரண்டரை மணி நேரத்து விஷயத்தை எட்டு நிமிடத்தில் அடைப்பது. ஹீரோ அறிமுகம், காதல், பிரிவு, ஒரு மாண்டேஜ் பாட்டு, கடைசியில் ஒரு திருப்பம். எதுவுமே மனதில் தங்குவதில்லை. குறும்படத்துக்கு என்று ஓர் அளவு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதல் படத்தைப் பார்த்தால் போதும்.

1970இல் வந்த 'ரொட்டியும் சந்தும்' பத்து நிமிடம் அளவுக்கு ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பையன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். வழியில் சந்துக்குள் ஒரு நாய் குரைக்கிறது. அவனால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு பெரியவர் வருகிறார், அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடக்கிறான். அவரோ பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வருகிறது. ஒரு பையன், ஒரு நாய், ஒரு சந்து, ஒரு ரொட்டி; அவ்வளவுதான் படத்தின் சொத்து. பையனையும் நாயையும் தனித்தனியாக எடுத்து எடிட்டிங்கில் ஒட்டிவிடலாம் என்று ஒளிப்பதிவாளர் சொன்னார். இருவரும் ஒரே ஷாட்டில், வெட்டில்லாமல் நடந்தாக வேண்டும் என்று கியாரோஸ்தமி பிடிவாதமாக நின்றார். நாய் எப்போது பாயுமோ என்ற பயம் பார்ப்பவருக்கும் வருவது அந்த ஒரு முடிவால்தான்.

ஆக, எழுத உட்காரும்போதே கைவசம் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவது நல்லது. மாமாவின் அரிசி மில், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடம், கேட்டால் நடிக்கச் சம்மதிக்கும் பாட்டி, நண்பனிடம் உள்ள டிவிஎஸ் 50. கதையை முதலில் எழுதிவிட்டு விமான நிலையத்துக்கும் ஐ.சி.யூ. வார்டுக்கும் அலைவதைவிட, அந்த மில்லுக்குள் என்ன நடக்கலாம் என்று யோசிப்பது பலனுள்ள வேலை. ஜார்ஜ் லூகாஸ் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அங்கே பயிற்சிக்கு வந்த அமெரிக்கக் கடற்படை ஒளிப்பதிவாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத கலர் ஃபிலிம் அவர்களிடம் இருந்தது. அந்த வகுப்பையே தன் யூனிட்டாக மாற்றி, வாகன நிறுத்தக் கட்டடங்களிலும் கம்ப்யூட்டர் அறைகளிலும் எடுத்து, எதிர்கால உலகம் ஒன்றை 15 நிமிடத்தில் காட்டிவிட்டார். 1967இல் எடுத்த அந்த மாணவர் படம்தான் 1971இல் வந்த அவருடைய முதல் முழுநீளப் படமான 'டிஎச்எக்ஸ் 1138'க்கு விதை.

கதை ஓரளவு நின்றதும் கணக்கு தொடங்குகிறது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். 8 பக்கம் எழுதியிருந்தால் 8 நிமிடப் படம். புதியவர்கள் ஒரு நாளில் மூன்று, நான்கு பக்கம் முடித்தாலே நல்ல வேகம். அதனால் மூன்று நாள் ஒதுக்குவதுதான் பத்திரம். அடுத்து ஷாட் டிவிஷன். எந்தக் காட்சியில் எத்தனை ஷாட், கேமரா எங்கே என்று எழுதி, அதை எடுக்கும் வரிசைக்கு மாற்ற வேண்டும். கதை வரிசைப்படி எடுத்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கைத் தூக்கி இடம் மாற்றுவதிலேயே நாள் போய்விடும். ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அப்புறம் கதவுப் பக்கம் திரும்புவார்கள். இதில் கன்டினியூட்டி பார்க்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, டம்ளரில் டீ எதுவரை இருந்தது என்று ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு சண்டை வராது.

நம் ஊர் வெயிலுக்கு என்று ஓர் அட்டவணை உண்டு. மதியம் சூரியன் உச்சிக்கு வரும்போது நடிகரின் கண்குழிகளில் கறுப்பாக நிழல் விழும். மூக்குக்கு அடியிலும் அப்படியே. எனவே வெளிக்காட்சிகளைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்கு மேலும் வைத்துக்கொண்டு, நடுப்பகலில் வீட்டுக்குள் நடப்பவற்றை எடுப்பது வழக்கம். மாலை வெளிச்சம் அழகாக இருக்கும், ஆனால் இங்கே அது மளமளவென்று போய்விடும். அந்த வெளிச்சத்துக்காக ஐந்து ஷாட் எழுதி வைத்தால் இரண்டுதான் தேறும். செலவில்லாத உதவி ஒன்று உண்டு: வெள்ளைத் தெர்மகோல் அட்டை. பெரிய படப்பிடிப்புகளிலும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழவைக்க அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது பலரும் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காதையும் கொண்டுபோக வேண்டும். படம் பிடிக்கப் போகும் அதே நேரத்தில் அங்கே போய், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் உண்மை தெரியும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மாடியில் தண்ணீர் மோட்டார், தெருமுனையில் பேருந்து ஹாரன். ஆடி மாதம் என்றால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை அமைதியாக இருந்த தெரு, திங்கட்கிழமை வேறு தெருவாக இருக்கும்.

மாணவர் படங்களை அதிகம் கெடுப்பது ஒலிதான். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியவில்லை என்றால் அடுத்த நிமிடம் வேறு வீடியோவுக்குப் போய்விடுவார். அப்படியிருந்தும் வாடகைப் பணம் எல்லாம் லென்ஸுக்குப் போகிறது, கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பிக் களத்தில் இறங்குகிறார்கள். அந்த மைக் பேசுபவரிடமிருந்து எட்டடி தள்ளி இருக்கிறது. அறையின் எதிரொலி முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். ஒரு லென்ஸைக் குறைத்துக்கொண்டு, ஒரு பூம் மைக்கும், ரெக்கார்டரும், மைக்கைப் பிடிக்க மனமுள்ள ஒரு நண்பரும் இருந்தால் படத்தின் தரமே மாறிவிடும்.

ஷாட் தொடங்குவதற்கு முன் ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்திய ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்தால் வீடு கொடுத்தவரின் பாலும் காய்கறியும் கெடும், அடுத்த படத்துக்கு அந்த வீடு கிடைக்காது. அதற்கு ஒலிப்பதிவாளர்கள் கண்டுபிடித்த வழி, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது. பேக்கப் சொல்வதற்கு முன் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஓசையை அரை நிமிடம் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வசனங்களுக்கு இடையில் வெட்டும்போது விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. ரயில் நிலையத்துக்கு ரயில்வே அனுமதி வேண்டும், மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். தெருவிலும் கடற்கரையிலும் ஸ்டாண்டை வைத்த உடனே போலீஸ்காரர் வந்து கேட்பார். டிரோன் பறக்கவிட 2021ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன, விமான நிலையத்தைச் சுற்றி அனுமதியில்லாமல் அதை எடுக்கவே கூடாது. கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்திருப்பது பல இடங்களில் பேச்சைச் சுமுகமாக்கும். போலித் துப்பாக்கி, கத்தி வைத்துத் தெருவில் காட்சி எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிடுவது உயிருக்கே நல்லது.

பட்ஜெட்டில் முதல் வரி சாப்பாடாக இருக்க வேண்டும். 12 பேர், 3 நாள், மூன்று வேளை என்றால் 108 சாப்பாடு. டீ தனி. நண்பர்கள் சம்பளம் கேட்காமல் வருகிறார்கள். அவர்களை மூன்று மணி வரை பட்டினி போட்டுவிட்டு ஒன்-மோர் கேட்பது நியாயமில்லை. இதைப் பார்த்துக்கொள்ள ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் வேண்டும். எல்லோரும் டைரக்டராகத் துடிக்கும் வகுப்பில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, உண்மையில் படம் முடிவதும் முடியாததும் அவர் கையில்தான் இருக்கிறது. வண்டி யார் ஓட்டுவது, சாவி யாரிடம், அருகில் எந்த மருத்துவமனை என்பதெல்லாம் முந்தின நாள் இரவே எல்லோருடைய வாட்ஸாப்புக்கும் போய்விட வேண்டும்.

நடிகர்களைத் தேடும்போது வகுப்புக்கு வெளியே பார்ப்பது நல்லது. அப்பா வேடத்துக்கு மீசை ஒட்டிய இருபது வயது நண்பர் வந்தால் படம் அங்கேயே சரிந்துவிடுகிறது. ஊர் ஊருக்கு நாடகக் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர்தான் விஜய் சேதுபதி. குறும்படங்களில் நடித்து, 'பீட்சா' வரை வந்தார். மேடை நடிகர்கள் ஒத்திகைக்குப் பழகியவர்கள், அது பெரிய வரம். கிறிஸ்டோபர் நோலன் 1998இல் வந்த தன் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்'கை வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் ஓராண்டு அளவுக்கு எடுத்தார். ஃபிலிம் விலை தாங்காது என்பதால் ஒவ்வொரு காட்சியையும் நாடகம் போலத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார். இன்று மெமரி கார்டில் எத்தனை டேக் வேண்டுமானாலும் போகலாம். ஒத்திகை இல்லாமல் பதினைந்தாவது டேக் போகும்போது நடிகர் களைத்துவிடுகிறார், வெளிச்சமும் போய்விடுகிறது.

கார்டைப் பற்றி ஒன்று. அன்றன்றைக்கு எடுத்ததை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். அந்த டிஸ்க்குகள் இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது.

எடிட்டிங்கில் முதல் ரஃப் கட் பெரும்பாலும் நீளமாகத்தான் வரும். மழையில் நனைந்து எடுத்த ஷாட், கிரேன் வாடகைக்கு எடுத்துச் செய்த ஷாட் எதையும் வெட்ட மனம் வராது. அந்தக் கஷ்டம் பார்ப்பவருக்குத் தெரியாது என்பதால், படப்பிடிப்புக்கே வராத ஒரு நண்பரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் எங்கே செல்போனை எடுக்கிறார் என்று கவனிப்பது பயனுள்ளது. பின்னணிக்கு இளையராஜா, ரஹ்மான் பாடல்களைப் போட்டுவிட்டால் தலைவலி பிறகு வரும். யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளருக்குத் தகவல் சொல்லிவிடும், திரைப்பட விழாக்கள் இசை உரிமைக்குக் காகிதம் கேட்கும். இசைக் கல்லூரி மாணவர் ஒருவரின் வீணையோ புல்லாங்குழலோ இந்தச் சிக்கல் எதுவும் இல்லாமல் கிடைக்கும்.

விழாக்களுக்கு அனுப்புவதாக இருந்தால் நீளத்தை முதலிலேயே யோசிக்க வேண்டும். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு (மாணவர்களுக்கான லா சினெஃப் வேறு பிரிவு) உச்சவரம்பு 15 நிமிடம், ஆஸ்கருக்கு டைட்டில் உட்பட 40 நிமிடம். ஆங்கில சப்டைட்டிலை வசனத்துக்கு வசனம் அப்படியே மாற்றாமல், இரண்டு வரிக்குள் படித்து முடிக்கும்படி எழுத வேண்டும். இணையத்தில் ஏற்கனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்றுக்கொள்வதில்லை. எனவே விழாக்களின் பதில்கள் வந்து முடியும் வரை யூடியூபில் ஏற்றாமல் வைத்திருந்து, நடித்தவர்களுக்கும் வீடு கொடுத்தவர்களுக்கும் கல்லூரி அரங்கிலேயே முதல் காட்சியைப் போட்டுக் காட்டிவிடலாம்.