வேட்டை விளையாட்டும் கட்டைவிரல் வலியும்

கடந்த கோடை விடுமுறையில் கம்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து பதினாறு வயது மாணவர் ஒருவரை அவருடைய தாயார் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். வலது கட்டைவிரலின் அடிப்பகுதியில், மணிக்கட்டின் ஓரத்தில், மூன்று வாரங்களாக வலி. பேனா பிடிக்கவும் தண்ணீர்க் குடம் தூக்கவும் இயலவில்லை. “துபாயிலிருந்து இவன் மாமா வாங்கிட்டு வந்த கேம்தான் சார் காரணம். அதைத் தூக்கி எறியச் சொல்லுங்க” என்றார் தாயார். மாணவர் தலை நிமிரவில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

தூக்கி எறிவதற்கு முன், அதை எப்படிப் பிடித்து விளையாடுகிறாய் என்று காட்டச் சொன்னேன்.

விரல் என்ன செய்கிறது?

அவர் விளையாடியது ‘மான்ஸ்டர் ஹண்டர் ரைஸ்’. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2004இல் தொடங்கிய வரிசையில், 2021 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியான விளையாட்டு. கமுரா என்னும் கற்பனைக் கிராமத்தைக் காக்கும் வேட்டைக்காரராக இருந்து, பேருருவ விலங்குகளை எதிர்கொள்ள வேண்டும். பெரும்பாலான வேட்டைகளுக்கு 50 நிமிட வரம்பு உண்டு. மூன்று முறை வீழ்ந்தால் தோல்வி. வேட்டையில் கிடைத்த பொருள்களால் ஆயுதமும் கவசமும் செய்துகொள்ளலாம். மற்றபடி விலங்கின் அசைவுகளைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டால்தான் வெல்ல முடியும். இது எளிய விளையாட்டு அன்று. பிள்ளைகள் இதில் ஊன்றுவதற்கும் அதுவே காரணம்.

அந்தக் கடினத்தின் சுமை கட்டைவிரலில் இறங்குகிறது. காட்சியைத் திருப்பும் குமிழும் தாக்கும் பொத்தான்களும் வலது கட்டைவிரலின் பொறுப்பிலேயே உள்ளன. ஓயாமல் இரண்டுக்கும் இடையே அது தாவுகிறது. இந்தத் தாவலைத் தவிர்க்கச் சிலர் ஆள்காட்டி விரலைப் பறவையின் நகம்போல் வளைத்துப் பொத்தானை அழுத்துவர். பிஎஸ்பி கருவியில் இதே வரிசையை விளையாடியவர்களிடம் இடக்கையில் இப்பிடி பழக்கத்தில் இருந்தது. நம் மாணவரோ மல்லாந்து படுத்து, ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள கருவியைத் தூக்கிப் பிடித்தபடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கி விளையாடினார்.

வலி எங்கிருந்து வருகிறது?

கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது அந்த உறை தடித்து, தசைநாண் எளிதாக நழுவ இடமின்றிப் போகிறது. பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போதும் துணி பிழியும்போதும் வலி சுரீரென்று முழங்கை நோக்கி ஏறும். சிலருக்கு அவ்விடத்தில் வீக்கமும் தெரியும்.

சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் இதை 1895இல் விவரித்தார். நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்ட அதே ஆண்டு. ஆகவே இது விளையாட்டுக் கருவியோடு வந்த நோய் அன்று. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும், கையால் ஓயாது உழைப்பவர்களுக்கும் இது வருகிறது.

நான் கேட்கத் தவறியது

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையை மாணவருக்குச் செய்தேன். அவர் முகம் சுளித்தார். பின்னால் நின்ற தாயாரும் தம் கையை அவ்வாறே சாய்த்துப் பார்த்து, உடனே விட்டுவிட்டார்.

அவர் நாள்தோறும் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, ஏலக்காய் எடுக்கச் செல்பவர். செடியின் அடியில் குனிந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காய்களைப் பறிக்கும் வேலை. எட்டு மாதங்களாக வலி. ஏன் சொல்லவில்லை என்றேன். “வேலை செய்யிற கை வலிக்கத்தானே சார் செய்யும்” என்றார். இருவருக்கும் ஒரே நோய். மகன் வலியைச் சொல்லி மூன்று வாரத்தில் வந்தார். தாயாரின் கையை அதுவரை யாரும் பார்க்கவில்லை. அன்று நானும் முதலில் பார்க்கவில்லை.

சிகிச்சை

முதற்சிகிச்சை ஓய்வே. கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் தாங்கும் ஸ்பிளிண்ட் சில வாரங்கள் தேவைப்படும். வலி மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையோடு மட்டும் உட்கொள்ளுங்கள். வயிற்றுப்புண்ணோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு அவை தீங்கு செய்யலாம். வலி தணியாவிடில் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடப்படும். அது சர்க்கரை அளவைச் சில நாள்கள் உயர்த்தக்கூடும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும்.

விளையாடுவோருக்கு:
• வலி தணியும்வரை விளையாட்டை நிறுத்துங்கள். பிறகு குறைந்த நேரத்தில் தொடங்குங்கள்.
• ஒவ்வொரு வேட்டை முடிந்ததும் கருவியைக் கீழே வைத்து, கைக்கு ஓய்வு கொடுங்கள். தனியாக விளையாடும்போது நடுவிலும் நிறுத்தி வைக்கலாம்.
• படுத்தபடி விளையாடாதீர்கள். கருவியை மேசையில் நிறுத்தி, பக்கக் கைப்பிடிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் எடை குறையும்.
• காட்சியை விலங்கின் பக்கம் திருப்பத் தனிப் பொத்தான் உண்டு. பயன்படுத்தினால் கட்டைவிரலின் வேலை குறையும்.

கையால் உழைப்போருக்கு:
• குடத்தையும் கூடையையும் விரல்களால் கவ்வாமல், உள்ளங்கையையும் முன்கையையும் கொடுத்துத் தூக்குங்கள்.
• வேலையின்போது ஸ்பிளிண்ட் அணிய இயலாவிடில், வீட்டிலும் உறங்கும்போதும் அணியுங்கள்.
• விடுப்பு எடுக்க முடியாத நிலையை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கேற்பச் சிகிச்சையை அமைக்க முடியும்.

கீழே விழுந்த பின் வந்த வலி, விரல்களில் மரத்துப்போதல், காய்ச்சலுடன் சிவந்த வீக்கம் ஆகியவை இருந்தால் காத்திராமல் வாருங்கள்.

விளையாடும் பிள்ளைகள் அனைவரும் அடிமையானவர்கள் அல்லர். விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, படிப்பையும் உறக்கத்தையும் விட அதற்கே முதலிடம், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடித்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை நோய் என்கிறது. அத்தகைய ஐயம் இருந்தால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

மாணவரின் வலி ஆறு வாரங்களில் நீங்கியது. கருவியும் வீட்டிலேயே இருக்கிறது. தாயாருக்கு ஊசி தேவைப்பட்டது. இப்போது பெருமளவு குணம். காய் மிகுந்த நாள்களில் மட்டும் வலி எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது இப்போது மகனின் வேலை.

பிள்ளையின் கையைக் காட்ட வரும் பெற்றோர், உங்கள் கை வலித்தால் அதையும் காட்டுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.